ஹெட்போன் வாங்கும் முன் கால் மணி நேரம் அணிந்து பாருங்கள்

கேள்வி: மகள் உயர்தரம் படிக்கிறாள். இணையவழி வகுப்புகளுக்காகப் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது, வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாள். வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்குள் மெத்தையின் கறுப்புத் தோல் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டுகிறது. இனி எதை வாங்குவது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: மகளைக் கோபிக்காதீர்கள் அம்மா. ஹெட்போனை வானொலிப் பெட்டி போல நினைத்து, ஒலியை மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறோம். அது செருப்பைப் போல உடம்பில் அணியும் பொருள். காலுக்கு அளவு பார்க்காமல் யாரும் செருப்பு வாங்குவதில்லையே!

வலிக்கு முதற்காரணம், மெத்தை எங்கே உட்காருகிறது என்பதுதான். காது மடலின் மேலேயே அமர்கிற சிறிய வகை, குருத்தெலும்பை மண்டையோடு சேர்த்து அழுத்தும். மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளைக்கு அந்தக் கம்பியும் சேர்ந்து நசுங்கும். தோடு போட்டிருந்தால் அதுவும் குத்தும். காதைச் சுற்றி அமர்கிற வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மெத்தையின் குழி போதிய ஆழம் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் துணியில் காது நுனி உரசிக்கொண்டே இருக்கும். கடையில் ஒரு நிமிடம் போட்டால் இது தெரியாது. கால் மணி நேரம் அணிந்து, தலையை ஆட்டி, குனிந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். அணிந்து பார்க்க விடாத கடையில் ஹெட்போன் வாங்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. புதியது சற்று இறுக்கமாக மட்டும் இருந்தால், தலையின் அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் இரவு முழுதும் மாட்டி வையுங்கள். வளையம் மெதுவாக இளகும்.

தோல் உரிவதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. அது மாட்டுத்தோல் அல்ல, துணியின் மேல் பூசிய பொலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். ஈரமும் வெப்பமும் அதைச் சிதைக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற கல்லடியில் அது நீண்ட நாள் தாங்காததில் வியப்பில்லை. வகுப்பில் ஆசிரியரின் குரல் தெளிவாகக் கேட்டால் போதும். எனவே எடை குறைந்த, துணி மெத்தை வைத்த, வயர் உள்ள ஒன்றே மகளுக்கு ஏற்றது. துணி மெத்தை வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், ஆனால் காற்றும் போய்வரும். கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் காற்றோட்டம் பெரிய ஆறுதல். பழையதை எறிய வேண்டியதில்லை. மெத்தை கழற்றக்கூடியதாக இருந்தால் அதன் விட்டத்தை அளந்து புதிய மெத்தை மட்டும் வாங்கிப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார அமைப்பு காட்டும் எல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்று நீங்கள் சாதாரணக் குரலில் அழைப்பது மகளுக்குக் கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அடிக்கடி போகிறேன். ‘நொய்ஸ் கேன்சலிங்’, அதாவது இரைச்சலை அடக்கும் ஹெட்போன் என்று சொல்லி அதிக விலைக்கு ஒன்றைத் தந்தார்கள். எஞ்சின் இரைச்சல் அடங்குகிறது. ஆனால் ஹோர்ன் சத்தமும் பின் ஆசனத்துப் பேச்சும் கேட்கின்றன. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: இல்லை. எஞ்சின் அடங்குகிறது என்றால் உங்கள் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. அதிலுள்ள சிறிய ஒலிவாங்கி வெளிச்சத்தத்தைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்குகிறது. ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்தால் இரண்டும் அடங்கும். மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த சத்தத்தில்தான் இது நன்றாகப் பலிக்கும்: பஸ் எஞ்சின், மின்விசிறி, ஏசி. சத்தம் ஏறத்தாழ 1000 ஹேர்ட்சுக்கு (நொடிக்கு 1000 அதிர்வு) மேலே போனால் அலைகள் மிகக் குறுகியவை; கணக்கு இம்மியளவு பிந்தினாலும் மேடும் பள்ளமும் பொருந்தாது. ஹோர்ன், குழந்தையின் அழுகை, பேச்சு எல்லாம் அப்படித்தான் தப்பி வருகின்றன. ஜேர்மனியரான போல் லூக் இந்த எண்ணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1936இல். போஸ் நிறுவனம் 1989இல் இந்த முறையில் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் விமானிகளுக்காகத்தான், அதாவது எஞ்சின் இரைச்சலுக்காக.

பேச்சுச் சத்தத்தைத் தடுக்க வேண்டியது மின்னணு அல்ல, அடைப்பு. உங்களுடையது காதுக்குள் செருகும் வகை என்றால், பெட்டிக்குள் மூன்று அளவுகளில் இறப்பர் முனைகள் வந்திருக்கும். பெரும்பாலானோர் பொருத்தி வந்ததையே பாவித்துவிட்டு மற்றவற்றைத் தொலைத்துவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

இதை வாங்கப் போகிற மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்டியில் ‘ஈஎன்சி’ என்று இருந்தால் அது உங்கள் காதுக்கானது அல்ல. நீங்கள் தொலைபேசியில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் போகாமல் தடுப்பது. உங்களுக்கு வேண்டியது ‘ஏஎன்சி’, மேலே சொன்ன எதிர் அலை முறை. ஓர் எழுத்து வித்தியாசத்தில் பணம் போய்விடும். கடையிலேயே பாட்டு எதுவும் போடாமல், மின்விசிறியின் அருகே நின்று அந்த வசதியை நிறுத்தியும் இயக்கியும் பாருங்கள். விசிறியின் உறுமல் சட்டென்று குறைய வேண்டும். வீதியைக் கடக்கும்போது இதை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. வருகிற லொறியின் எஞ்சின்தான் முதலில் மறையும் சத்தம்.

கேள்வி: அரிசி ஆலையில் வேலை செய்கிறேன். இதே வகை ஹெட்போனைக் காது பாதுகாப்புக்காகப் போடலாமா?
– சகோதரர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: வேண்டாம். அது பாதுகாப்புக் கவசமாகச் சோதிக்கப்பட்ட பொருள் அல்ல. எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று அட்டையில் அச்சிட்ட காதுக்கவசமோ நுரை அடைப்பானோ வாங்குங்கள், விலையும் குறைவு. அதை உங்களுக்குத் தர வேண்டியது ஆலை உரிமையாளர். கேட்கத் தயங்காதீர்கள், போன செவிப்புலன் திரும்பாது.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஓர் இயர்போன் வாங்குகிறேன். எப்போதும் ஒரு பக்கம் கேட்காமல் போய்விடுகிறது. வயரைத் திருத்தலாமா?
– மாணவர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் மட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் உள்ளே செம்பு இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கிறீர்கள், பிளக்கைப் பிடியுங்கள். கைத்தொலைபேசியைச் சுற்றி இறுக்கிக் கட்டிச் சட்டைப்பையில் வைக்கும்போதும் அதே இடம்தான் ஒடிகிறது. நான்கு விரல்களில் தளர்வாக எட்டு வடிவில் சுற்றினால் முறுக்கு விழாது. நான் பல வருடங்களாக அப்படித்தான் வைக்கிறேன். விளையாடி முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். உப்புப் பட்டால் செம்பு பச்சை பிடித்துவிடும்.

திருத்தலாம். அறுந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதிய 3.5 மில்லிமீற்றர் பிளக் வைக்க வேண்டும். இழைகளின் மேல் சிவப்பும் பச்சையுமாகத் தெரிவது மெல்லிய வார்னிஷ் பூச்சு. அதைச் சுரண்டியோ சூடாக்கியோ நீக்காமல் பற்றாசு பிடித்தால் ஒட்டாது. பலர் தோற்பது இங்கேதான். மிக மலிவான இயர்போனுக்கு இந்த உழைப்பு கட்டாது. அடுத்த முறை வயரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரியைக் கேளுங்கள். அறுந்தால் வயர் மட்டுமே செலவு.

வாங்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டையும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாக்குறுதி தந்த கடை பிறகு கையை விரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுத்தான்.