சொந்த மண்ணின் விக்கெட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் ஓய்வு பெற்றதை ஒட்டி நீங்கள் எழுதிய குறிப்பில் அவரை முந்தைய தலைமுறை ஸ்பின்னர் கும்ப்ளேவுக்கு இணையாக வைத்திருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 537 டெஸ்ட் விக்கெட்டில் 383 இந்தியாவில் எடுத்தவை. நமக்குத் தோதாகப் பிட்ச் போட்டுக்கொண்டு எடுத்த விக்கெட்டுகளை ஏன் முழு மதிப்போடு எண்ண வேண்டும்? இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பல போட்டிகளில் அவரை வெளியேதான் உட்கார வைத்தார்கள். சென்னைக்காரர் என்பதால் நாம் தாராளமாக மார்க் போடுகிறோமோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்னைக்காரர் என்ற பாசம் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டே பேசலாம்.

பிட்ச் கொடுத்த விக்கெட் என்கிறீர்கள். சரி, அந்தப் பிட்ச் இரண்டு அணிக்கும் பொதுதானே? எதிரணி ஸ்பின்னரும் அதே மண்ணில்தான் பந்து போடுகிறார். அதனால் ஒரு பந்துவீச்சாளரின் சராசரியை (ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு, குறைந்தால் நல்லது) தனியாகப் பார்ப்பதைவிட, அதே போட்டியில் பந்து போட்ட மற்றவர்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

2012-ல் இங்கிலாந்து வந்தது நினைவிருக்கும். மும்பையில் நன்றாகச் சுழன்ற ஆடுகளம். இங்கிலாந்து ஸ்பின்னர்கள் பனேசருக்கு 11 விக்கெட், ஸ்வானுக்கு 8. விழுந்த 20 இந்திய விக்கெட்டில் 19 அவர்கள் இருவருக்கு. அந்த நான்கு டெஸ்டிலும் சேர்த்து அஸ்வினுக்குக் கிடைத்தது 14 விக்கெட், சராசரி 52-க்கு மேல். தொடர் 2-1 என்று கைவிட்டுப் போனது. இந்திய பிட்ச் தானாக விக்கெட் கொடுக்கும் என்றால் அன்றைக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு டெஸ்டில் 29. 2015-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 31, சராசரி 11 சொச்சம். அதில் நாக்பூர் டெஸ்டின் 12 விக்கெட்டுகளை நீங்கள் கழித்துக்கொண்டாலும் சண்டைக்கு வரமாட்டேன். அந்த ஆடுகளத்தை மோசமானது என்று சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியே சொல்லிவிட்டது. ஆனால் 2013-ல் தொடங்கி சொந்த மண்ணில் இந்தியா தொடர்ந்து 18 தொடர்களை வென்றதே, அத்தனையும் நாக்பூர் இல்லை.

அந்த ஓட்டம் 2024-ல் நியூசிலாந்திடம் 3-0 என்று நின்றது. புணேயில் அவர்களுடைய ஸ்பின்னர் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். தொடர் முழுவதும் அஸ்வினுக்கு 9, சராசரி 41. ஆக, அவர் ஆடிய காலத்தில் உள்நாட்டில் நாம் தோற்ற இரண்டு தொடர்களிலும் அவர் சோபிக்கவில்லை. தோல்வியை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்தான், பெங்களூரில் 46 ரன்னுக்கு அணியே சுருண்டால் ஆஃப் ஸ்பின்னர் என்ன செய்வார்? ஆனாலும் நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு வருட வெற்றியை மண் மட்டும் சம்பாதித்துத் தரவில்லை.

என் வாதத்தை நீங்கள் மடக்க வேண்டிய இடம், அவரோடு ஜோடியாகப் பந்து போட்ட ஸ்பின்னர் ஜடேஜா. அவருடைய உள்நாட்டுச் சராசரியும் கிட்டத்தட்ட அஸ்வின் அளவுதான். அதைப் பார்த்தால் பிட்ச்சின் பங்கு நான் சொல்வதைவிடக் கூடுதலோ என்று தோன்றலாம். எனக்கு என்னவோ, இரண்டு பக்கமிருந்தும் மூச்சுவிட இடம் கொடுக்காமல் போட்டதில் இருவருமே லாபம் அடைந்தார்கள் என்றுதான் படுகிறது. பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க என்னிடம் தராசு இல்லை.

வெளிநாட்டுக்கு வருவோம். வெளியே அவர் சராசரி 30-ஐ ஒட்டி இருக்கிறது, மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தூக்கி நிறுத்துவது இலங்கையும் மேற்கிந்தியத் தீவுகளும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து என்று பிரித்தால் படம் மாறிவிடும். இங்கிலாந்து தவிர மற்ற மூன்று நாடுகளிலும் ஆடும் கூக்கபுரா பந்தின் தையல் சீக்கிரம் தேய்ந்து போகும், அங்கெல்லாம் ஸ்பின்னரின் வேலை ஒரு பக்கத்தை அடைத்து வைப்பது என்றெல்லாம் காரணம் சொல்லலாம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் அளவுகோலையே எடுத்தால் 2018-ல் இங்கிலாந்தில் நடந்த சவுத்தாம்ப்டன் டெஸ்டுக்குப் பதில் இல்லை. அதே ஆடுகளத்தில் இங்கிலாந்து ஸ்பின்னர் மொயின் அலிக்கு 9 விக்கெட், அஸ்வினுக்கு 3. அஸ்வின் காயத்தோடு ஆடினார் என்பார்கள். இருக்கலாம், ஸ்கோர் அட்டையில் அது ஏறாது. இத்தனைக்கும் அதே தொடரில் பர்மிங்ஹாமில் அவர் 7 விக்கெட் எடுத்தவர், இங்கிலாந்து தொடக்க ஆட்டக்காரர் குக்கை இரண்டு இன்னிங்ஸிலும் போல்டாக்கியவர்.

2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தைப் பலரும் சிட்னியில் அவர் விஹாரியோடு நின்று ஆடிய டிராவுக்காகவே நினைக்கிறார்கள். எனக்கு அடிலெய்டும் மெல்போர்னும்தான் முக்கியம். ஆஸ்திரேலியாவின் முக்கிய பேட்ஸ்மேன் ஸ்மித்தை அடிலெய்டில் 1 ரன்னிலும் மெல்போர்னில் பூஜ்யத்திலும் அனுப்பினார். அது எந்த மண்ணின் தயவு?

வெளிநாட்டுத் தேர்வில் தேறவில்லை என்று தள்ளினால் நிறையப் பேரைத் தள்ள வேண்டிவரும். இந்திய மண்ணில் ஆஸ்திரேலிய ஸ்பின்னர் வார்னின் சராசரி 43. இலங்கைக்காக ஆஸ்திரேலியாவில் ஆடிய முரளிக்கு 12 விக்கெட், சராசரி 75. இவர்களை யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கும்ப்ளேவுக்கும் உள்நாட்டில் 25, வெளியே 36. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அஸ்வினுடையதைவிடக் கொஞ்சம் பெரிதே தவிரச் சிறிதில்லை.

ஆனாலும் 2003-04 ஆஸ்திரேலியத் தொடரில் மூன்றே டெஸ்டில் கும்ப்ளே 24 விக்கெட் எடுத்தாரே, அப்படி ஒரு தொடர் அஸ்வினுக்கு அங்கே வாய்க்கவே இல்லை. ஆகவே மெல்போர்னில் முதல் நாள் ஆட்டம் என்றால் பந்தை கும்ப்ளேவிடம்தான் கொடுப்பேன். எதிரே இடதுகை ஆட்டக்காரர்கள் வரிசை கட்டினால் மட்டும் யோசிக்காமல் அஸ்வின்.

அன்புடன்