ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்று சொல்லலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் மாட்ட வரப்போகிறார்களாம். மாட்டிய பிறகு கட்டணம் இரண்டு மடங்காகிவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம், மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் கடைசி ரீடிங்கை, மீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி, போனில் படம் எடுத்துவிடுங்கள். புதியதின் ஆரம்ப ரீடிங்கையும் எடுங்கள். கழற்றிய மீட்டர் எந்த மூட்டையில் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இரண்டு ரீடிங்கையும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு கொடுத்துவிட்டுப் போக இவர்களுக்கு என்ன கஷ்டமோ!

பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். சக்கரம் சுற்றும் பழைய மீட்டர் வயதானால் தேய்ந்து மெதுவாகச் சுற்றும். ரிமோட்டில் அணைத்த டிவி இழுக்கிற துளி மின்சாரத்துக்கு அது அசையக்கூட அசையாது. புதியது அதையும் எண்ணும். ஆனால் அதனால் மட்டும் கட்டணம் இரட்டிப்பாகாது.

நான் முதலில் சந்தேகப்படுவது நியூட்ரலை. ஃபேஸ் கம்பியில் வரும் மின்சாரம் அதே வீட்டு நியூட்ரலில் திரும்ப வேண்டும். பழைய மீட்டர் பெரும்பாலும் ஒரு கம்பியைத்தான் பார்க்கும். இப்போது வரும் மீட்டர்கள் பல, திருட்டைப் பிடிப்பதற்காக இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் சேர்க்கும். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தும், யாரோ நியூட்ரலை ஒன்றாக முறுக்கி வைத்திருந்தால்? மாடியில் ஓடும் ஏசிக்கு நீங்களும் பணம் கட்டுவீர்கள். மெயினை ஆனில் வைத்து, வீட்டில் எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்கிவிட்டு மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மினுக்கிக்கொண்டே இருந்தால் மாடியில் ஏசியை அணைக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் கோளாறு வயரிங்கில். இன்வெர்ட்டர் வைத்த வீடுகளிலும் இதே குழப்பம் உண்டு.

சரி, மீட்டரே வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமா? அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால், தண்ணீர் காய்ச்சும் 1000 வாட் ராடை மட்டும் 3 நிமிடம் ஓடவிடுங்கள். சுமார் 160 மினுக்கு வர வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் குறையும். 300 வந்தால் புகார் கொடுங்கள். அயர்ன் பாக்ஸில் சோதிக்காதீர்கள், அது தானாக அணைந்து அணைந்து எரியும்.

அப்புறம், 'மீட்டரை ஸ்லோ பண்ணித் தருகிறேன்' என்று வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள். மூடியைத் திறந்தால் நாள், நேரத்தோடு பதிவாகும். அவர் போய்விடுவார், வழக்கு உங்கள் பெயரில் வரும். பிளக்கில் செருகினால் மின்சாரம் மிச்சம் என்று விற்கும் பெட்டிக்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர், யூனிட் கணக்கில் போடும் வீட்டுக் கட்டணத்தை அது குறைக்காது. 'இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று வரும் மெசேஜைத் தொடவே வேண்டாம்.

ரீடிங்கை ரேடியோ அலையில் அனுப்புகிறதே என்று கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். கையில் இருக்கும் போனும் ரேடியோ அலையில்தான் பேசுகிறது.

சந்தேகம் தீரவில்லையென்றால், பக்கத்தில் ஒரு சோதனை மீட்டர் மாட்டி ஒப்பிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். யாரும் வந்து பார்க்காமலே 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மூடினாலும் மூடுவார்கள். அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள்.