கோலாலம்பூரில் கலை எங்கே ஒளிந்திருக்கிறது? போட்டோஸ்டேட் கடையில் கேளுங்கள்

கேள்வி இது: "வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து ஏழு மாதம் ஆகிறது. சுற்றுலாப் பட்டியல்களில் வராத சிறு கலைக்கூடங்கள், வித்தியாசமான நிகழ்ச்சிகள் எங்கே நடக்கின்றன? இந்த ஊரில் பேரங்காடிகளைத் தவிர ஏதாவது இருக்கிறதா?"

அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் பதில் எழுதியிருக்கவே மாட்டேன்.

நீங்கள் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த கணினிப் பொறியாளர் என்று வைத்துக்கொள்கிறேன். கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருபதாவது மாடிக்கு மேலே குடியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வாழையிலைச் சாப்பாடு, சனிக்கிழமை பேரங்காடி, ஊரிலிருந்து யாராவது வந்தால் பத்துமலை. தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். உங்களைப் போன்றவர்கள் தினமும் என் கடைக்கு விசாத் தாள்களை நகலெடுக்க வருகிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் 2001 முதல் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். 'போட்டோஸ்டேட் கடைக்காரனுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்' என்று கேட்பவர்களும் இங்கே உண்டு. கலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் காசில்லாத கலைஞன் எவனாக இருந்தாலும் அவன் முதலில் வந்து நிற்கும் இடம் என் கடை. நாடகத்தின் நிகழ்ச்சித் தாள், இசைக்குழுவின் சுவரொட்டி, உறுமி மேளக் குழுவின் அழைப்பிதழ் எல்லாம் என் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்த்தான் வெளியே வருகின்றன.

ஒரு சீனப் பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மாதம் ஒரு முறை வருவாள். தானே எழுதி, வரைந்து, வெட்டி ஒட்டிய பக்கங்களைக் கொண்டுவந்து நாற்பது பிரதி எடுப்பாள். இரண்டாக மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் சின்னப் பத்திரிகை. நம் ஊர்களில் சிற்றிதழ் நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டுச் செய்தார்களே, அதே பைத்தியம். புதிய இயந்திரத்தில் எடுக்கவே விடமாட்டாள். மூலையில் இருக்கும் பழையதுதான் வேண்டும். அதன் டிரம்மில் ஒரு கீறல் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு விழும். மற்ற வாடிக்கையாளர்கள் அந்தக் கோட்டுக்காக என்னைத் திட்டுவார்கள். இவளுக்கு அந்தக் கோடுதான் பிடிக்கும். பழுதுபார்ப்பவர் டிரம்மை மாற்ற வந்த அன்று, "அங்கிள், இன்னும் இரண்டு இதழ் மட்டும்" என்று மலாயில் கெஞ்சினாள். மாற்றவில்லை. இன்று வரை மாற்றவில்லை.

அவளுக்கும் அவள் சிநேகிதர்களுக்கும் மோட்டார் சைக்கிளில் கட்டுக் கட்டாகத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் எனக்கே இந்த ஊர் தெரிந்தது. நான் போன இடங்கள் எல்லாம் ஏதோ ஒரு தொழில் செத்துப்போன கட்டடங்கள். ஜாலான் சுல்தானில் ரெக்ஸ் திரையரங்கு: 1947இல் திறந்தது, 1972இல் எரிந்தது, 1976இல் மறுபடி எழுந்தது, பிறகு மூடிக் கிடந்தது. 2019இல் ரெக்ஸ்கேஎல் என்று கலை நிகழ்ச்சிக்கும் சாப்பாட்டுக்கும் திறந்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். கம்போங் அத்தாப்பில் சோங்ஷான் கட்டடம்: 1950களின் கடைவீட்டு வரிசை. உள்ளே ஓவியக்கூடம், இசைத்தட்டுக் கடை, பழைய சுவரொட்டிகளையும் அச்சுத் தாள்களையும் சேர்த்து வைக்கும் மலேசிய வடிவமைப்புக் காப்பகம் எல்லாம் இருக்கின்றன. வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் முதல் தடவை அந்த வாசலையே இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன்.

நிலத்தடிக் கலை என்று இப்போது சொல்கிறார்கள். உண்மையாகவே நிலத்துக்கு அடியில் ஒரு நாடக அரங்கு இந்த ஊரில் இருந்தது. டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்தில் கொடிக்கம்பம் நிற்கிறதே, அந்தத் திடலுக்குக் கீழே பிளாசா புத்ரா. நாடகக்காரர்கள் ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹஷாமும் அங்கே 1995இலிருந்து நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடை ஆரம்பித்த புதிதில் நானும் தாள் கொண்டுபோயிருக்கிறேன். படியிறங்கும்போதே குளிரூட்டியின் பூஞ்சை வாசனை வரும். 2003 ஜூனில் ஒரே பிற்பகலில் வெள்ளம் ஏறி எல்லாம் போயிற்று. இரண்டு ஆறு கூடும் இடத்தில் கட்டிய ஊர், தண்ணீர் வரத்தான் செய்யும். அவர்கள் 2005இல் செந்தூலின் பழைய ரயில்வே பட்டறைப் பக்கம் கேஎல்பேக் அரங்கத்தைத் திறந்தார்கள். என் தாத்தா அந்தப் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர். அங்கே போனால் நாடகம் தொடங்குவதற்கு முன் வெளியே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா விளம்பரப் பலகை எழுதியவர். மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு காலத்தில் மூன்று தமிழ்ப் பலகை இருந்தால் ஒன்று அவர் கை. மலாய் எழுத்து பெரிதாகவும் முதன்மையாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. மிச்சமிருக்கும் இடத்துக்குள் தமிழை நெருக்காமல் உட்கார வைப்பதுதான் வித்தை என்பார். 2006இல் நான் பதாகை அச்சடிக்கும் இயந்திரம் வாங்கினேன். அவர் இரண்டு நாள் எழுதும் பலகையை அது இருபது நிமிடத்தில் துப்பிவிடும். எனக்கு வந்த முதல் ஆர்டர் அவருடைய முப்பது வருட வாடிக்கையாளர் ஒருவருடையது. அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தூரிகைகளைக் கழுவி, மயிர் விறைக்காமல் எண்ணெய் தடவி, மைலோ டின்னில் போட்டு மூடினார். அதற்குப் பிறகு என் கடைக்கு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

யாராக இருந்தாலும் அந்த இயந்திரத்தை வாங்கியிருப்பார்கள். நான் வாங்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் வாங்கியிருப்பான். இதற்குக் கீழே வந்து எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

ஒரு மழை நாளில் கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. காகிதக் கட்டுகளைத் தூக்க அந்தப் பெண்ணும் கை கொடுத்தாள். கட்டுகளுக்கு அடியில் ஈரம் ஏறாமலிருக்க ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். அவள் அதைத் திருப்பினாள். பச்சைத் தரையில் மஞ்சள் எழுத்து, கீழே சிவப்பு நிழல்: 'ஆடவர் தையற்கடை'. கடை மூடியபோது அப்பா கழற்றி எடுத்து வந்தது. அவளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. விரலால் 'ஆ'வின் சுழியைத் தடவிக்கொண்டே, "இதை எழுதியவர் இருக்கிறாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக அதன் மேல் காகிதம் அடுக்கியவன் நான்.

சனிக்கிழமைகளில் அவர்கள் ஒரு மாடியில் கூடிக் கையால் எழுத்து எழுதப் பழகுகிறார்களாம், அப்பா வர வேண்டுமாம். அப்பாவிடம் சொன்னேன். "எழுதியதற்குக் காசு கொடுக்காத காலத்திலேயே எழுதியாகிவிட்டது" என்று எழுந்து போய்விட்டார். இரண்டாவது முறை கேட்டபோது முட்டி வலி என்றார். மூன்றாவது முறை அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து, "அங்கிள், தே தாரிக் டீ நான் வாங்கித் தருகிறேன்" என்றாள். அதற்கு வந்தார்.

பெட்டாலிங் தெருப் பக்கம், கீழே வாகன உதிரிபாகக் கடை, மேலே மூன்றாவது மாடி. ஒரு மேசை மின்விசிறி, பதினான்கு பேர், பிஸ்கட் டின்னில் ஆளுக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட். அப்பா டின்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான்தான் போட்டேன், இருவருக்கும்.

அவர் அதிகம் பேசவில்லை. சாக்கட்டியைத் தேய்த்த நூலை ஒரு முனையில் என்னைப் பிடிக்கச் சொல்லிச் சுண்டினார். பலகையில் நேர்கோடு விழுந்தது. ஒரு நீளக் குச்சியைப் பலகைமேல் சாய்த்து அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டார். பிள்ளைகள் எழுதியதைப் பார்த்து, "கையைத் திருப்புகிறார்கள், தூரிகையைத் திருப்பவில்லை" என்றார். நான் மலாயில் சொன்னேன். பிறகு 'ழ' எழுதினார். தூரிகையின் காம்பு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்ல உருண்டுகொண்டே வந்தது. வளைவில் கோடு தடிக்காமலும் மெலியாமலும் ஓடியது. கீழே இறங்கும் சுழியில் கை நடுங்கிவிட்டது. எழுபத்தெட்டு வயது. பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து மொத்த எழுத்தையும் துடைத்துவிட்டார். பதினான்கு பேரும் ஐயோ என்று கத்தினார்கள். "வாடிக்கையாளரிடம் கொடுக்கிற எழுத்தா இது?" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அங்கே யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் சங்கங்களின் கலை நிகழ்ச்சிகளுக்கும் நான்தான் பதாகை அடிக்கிறேன். ஏழு மணி என்று அச்சடிப்போம். டத்தோ பட்டம் வாங்கிய சிறப்பு விருந்தினர் எட்டரைக்கு வருவார். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, சால்வை, மாலை, நினைவுச் சின்னம் எல்லாம் முடிந்து பரதநாட்டியப் பிள்ளைகள் மேடையேறும்போது அவர்களின் முகப்பூச்சு வியர்த்துக் கரைந்திருக்கும். ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். திருவள்ளுவர் விழாவுக்கான பதாகையை மூன்று முறை மாற்றச் சொன்னார்கள், வள்ளுவர் படத்தைவிடத் தலைவர் படம் சின்னதாகத் தெரிகிறதாம். மூன்றுக்கும் இன்னும் பணம் வரவில்லை. எல்லாச் சங்கமும் இப்படி என்று சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸிலேயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இலிருந்து சத்தமில்லாமல் பிள்ளைகளுக்கு நடனமும் இசையும் கற்றுக்கொடுக்கிறது. தித்திவங்சா பக்கம் நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமின் சூத்ரா நடனக் குழு இருக்கிறது. மலாய்க்காரர் ஒருவர் ஒடிசியும் பரதமும் ஆடுவதைப் பார்க்க நம் ஆட்கள் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள் என்று கேட்டால் உடனே மதம், இனம் என்று பேச்சு திசைமாறும். விடுங்கள்.

'பேரங்காடிகளைத் தவிர' என்றீர்களே, அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். புடு சிறையின் வெளிச்சுவரில் கோங் யென் சோங் என்ற கைதி வரைந்த ஓவியம் 860 அடி நீளம், 14 அடி உயரம். உலகிலேயே நீளமான சுவரோவியம் என்று பெயர் வாங்கியது. சின்ன வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய் அந்தச் சுவரின் ஓரமாகவே நடக்க வைத்தார். "இவ்வளவு பெயிண்டுக்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்?" என்பதுதான் அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி. 2010இல் அந்தச் சுவரை இடித்தார்கள். சிறை இருந்த நிலத்தில் 2022இல் லாலாபோர்ட் திறந்தது. நீங்கள் சனிக்கிழமை போகும் பேரங்காடி அதுவாகவும் இருக்கலாம்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதிலையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன கட்டடங்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே மூன்று தடவை போங்கள். முதல் தடவை யாரும் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடாதீர்கள். நாற்காலி மடக்க உதவி செய்யுங்கள். அடுத்த நிகழ்ச்சி எங்கே என்று அப்போதுதான் சொல்வார்கள். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நீளும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் சின்னப் பத்திரிகையைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். அதன் நகலெடுக்கும் செலவு எனக்குத் தெரியும், அவர்கள் லாபம் பார்ப்பதில்லை.

அப்பா மறு சனிக்கிழமை என்னிடம் சொல்லாமலே எல்.ஆர்.டி. ரயில் பிடித்துப் போய்விட்டார். மைலோ டின்னும் காணவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அங்கேதான் இருக்கிறார். நீங்கள் தமிழ் என்று தெரிந்தால் முதலில் உங்கள் கையெழுத்தைக் காட்டச் சொல்வார். மின்தூக்கி கிடையாது, படி செங்குத்து. தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.