டிரம்மர் போய்விட்டார், மெஷினை ஏற்றலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த நண்பர்கள் நாங்கள் மூவர். கிதார், பேஸ், டிரம்ஸ். இரண்டு வருடமாக இண்டஸ்ட்ரியல் மெட்டல், அதாவது ஆலைச் சத்தம் போன்ற கனத்த ராக், வாசிக்கிறோம். டிரம்மருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு நிகழ்ச்சிக்குச் சரி சொல்லியாகிவிட்டது. வேறு டிரம்மர் தேடுவதா, தானாகத் தாளம் அடிக்கும் டிரம் மெஷின் வைப்பதா? மெஷின் வைத்தால் கரோக்கே என்று கேலி செய்வார்களே. என் மாமா மகன் உருமி மேளக் குழுவில் இருக்கிறான், அவனைச் சேர்க்கலாமா? குழுவின் பெயர் டிரம்மர் வைத்தது, அதை நாங்கள் தொடரலாமா?

பதில்: தம்பி, டிரம்மர் தேடாதீர்கள். ஒரு மாதத்தில் கிடைப்பவர் உங்கள் பாட்டைக் கற்றுக்கொள்வதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். மெஷினையே வையுங்கள். ஆனால் போன டிரம்மருக்குப் பதிலாக என்று வைக்காதீர்கள். அவர் வாசித்ததை அப்படியே மெஷினில் ஏற்றினால்தான் கரோக்கே ஆகும்.

உங்களைப் போலவே இண்டஸ்ட்ரியல் மெட்டல் வாசிக்கும் காட்ஃப்ளெஷ் குழுவின் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம், 1988. ஜஸ்டின் பிராட்ரிக், ஜி.சி. கிரீன் என்று இரண்டே பேர். அதற்கு முன் இருவரும் ஃபால் ஆஃப் பிகாஸ் என்ற குழுவில் இருந்தார்கள். அதில் பிராட்ரிக் யார் தெரியுமா? டிரம்மர்! ஹெட் ஆஃப் டேவிட் குழுவிலும் டிரம்ஸ் வாசித்தவர்தான். அப்படிப்பட்ட ஆள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கிதாரை மாட்டிக்கொண்டு, அலெசிஸ் ஹெச்ஆர்-16 என்ற மெஷினைத் தாளத்துக்கு வைத்தார். டிரம்ஸ் தெரியாததால் வந்த மெஷின் இல்லை அது. மனிதக் கையில் வராத விறைப்பு அவருக்கு வேண்டியிருந்தது.

1989இல் வந்த ஸ்ட்ரீட்கிளீனர் இசைத்தட்டை இன்று இரவு ஹெட்போனில் கேளுங்கள். முதல் பாட்டு போதும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) ஒரே பலத்தில், ஏற்ற இறக்கம் இல்லாமல் விழும். உருட்டல் கிடையாது, அலங்காரம் கிடையாது. அதன்மேல் கிரீனின் பேஸ், தகரத்தை இழுப்பது போல் கரகரவென்று பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். கிதார் பல இடங்களில் மெட்டு வாசிக்காது, கீச்சிடும், ஊளையிடும். வேலை பிரிந்திருப்பதைக் கவனியுங்கள்: அடி மெஷினுக்கு, மெட்டு பேஸுக்கு, மிச்ச இடமெல்லாம் கிதாருக்கு. இரண்டே பேர் என்பது காதுக்குத் தெரியாது.

நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டுகளில் இரண்டையாவது நிமிடத்துக்கு 75, 80 அடிக்குக் குறையுங்கள். ஹை-ஹாட்டை, அந்த ஜோடித் தட்டின் சத்தத்தை, மொத்தமாக எடுத்துவிட்டுப் பாருங்கள், கிதாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறதென்று தெரியும். ஒரு பாரை, அதாவது ஒரு தாளச் சுற்றை எழுதி, அதையே எட்டு முறை ஓட விடுங்கள். மாற்றம் உங்கள் கையில் வரட்டும், மெஷினில் வேண்டாம். செம்பனை ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குலையை அவிக்கும் கொப்பரையில் ஆவியைத் திறந்துவிடும்போது வரும் அந்தச் சீறல், அடியில் விடாமல் ஓடும் இயந்திர உறுமல், ஷிப்ட் மாறும் சங்கு. ஆலையில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு, போனில் பதிவு செய்து, ஸ்னேருக்கு அடியில் மெலிதாக வையுங்கள். பர்மிங்காம்காரர்கள் தங்கள் ஊர்ச் சத்தத்தைத்தான் வாசித்தார்கள், உங்கள் ஊர்ச் சத்தம் உங்களுக்கு.

அந்தப் பழைய மெஷினைத் தேடி அலைய வேண்டாம், அது 1987 வாக்கில் வந்த சாமான். லேப்டாப்பில் ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருள் போதும்.

இனி மேடை. இங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள், நானும் கவிழ்ந்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு தோட்ட மண்டபத்தில், பிஏ (மண்டபத்து ஸ்பீக்கர் செட்) சின்னதாக இருக்கிறதே என்று லேப்டாப்பை ஒரு கிதார் ஆம்ப்பில் செருகினேன். மூன்றாவது பாட்டில் ஸ்பீக்கர் கோன் கிழிந்தது. அதற்கப்புறம் கிக் விழும்போதெல்லாம் தகரத்தில் கோழி கொத்துகிற சத்தம். முன்வரிசையில் ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிதார் ஆம்ப் கிக்கைத் தாங்காது. லேப்டாப்பிலிருந்து டிஐ பாக்ஸ் (சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி), அங்கிருந்து மிக்சர், சப்வூஃபர் உள்ள பிஏ, இதுதான் வழி. சார்ஜரைச் செருகியதும் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் வரும். டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்றால் அதன் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் பட்டனை, தட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். கிக்கை இடது லைனிலும் மற்றதை வலது லைனிலும் அனுப்பினால், சவுண்ட்காரர் கிக்கை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் இரண்டுமே கேட்காது. 60 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கிக்குக்கு விட்டுவிட்டு, பேஸில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் வெட்டச் சொல்லுங்கள்.

மானிட்டரில், அதாவது மேடையில் உங்களை நோக்கி இருக்கும் ஸ்பீக்கரில், மெஷின் உங்களுக்கு நன்றாகக் கேட்க வேண்டும். மனித டிரம்மர் என்றால் நீங்கள் தவறும்போது கூடவே வளைந்து வருவார். மெஷின் திரும்பிக்கூடப் பார்க்காது.

மனித டிரம்மர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் அடியில் ஓடுகிறது. அதற்கும் காட்ஃப்ளெஷ் கதையில் பதில் இருக்கிறது. 1996இல் சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட் இசைத்தட்டுக்குப் பிரையன் மான்டியாவை டிரம்ஸில் வைத்தார்கள். 2001இல் ஹிம்ஸ், அதில் டெட் பார்சன்ஸ். இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஆனாலும் ஹிம்ஸைக் கேட்டால் நல்ல ராக் குழு ஒன்று கேட்கும், அந்த ஆலை கேட்காது. இது என் காது சொல்வது, மறுப்பவர்கள் உண்டு. அந்த இசைத்தட்டுக்குப் பின் கிரீன் விலகினார், 2002இல் பிராட்ரிக் குழுவையே கலைத்துவிட்டு பிறகு ஜேசு என்ற வேறு குழுவைத் தொடங்கினார். டிரம்மர் இல்லாமல் ஓடிய வண்டி பேஸ்காரர் போனதும் நின்றுவிட்டது. உங்கள் பேஸ்காரரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 2010இல் இருவரும் மறுபடி சேர்ந்தபோது மெஷினும் கூடவே வந்தது. 2014, 2017, 2023 என்று அதற்குப் பின் வந்த மூன்று இசைத்தட்டுகளிலும் மெஷின்தான்.

உருமி நல்ல யோசனை. வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்த முகம் முனகுமே, அது கிதாரின் ஊளையோடு அழகாகச் சேரும். ஆனால் ஒரே ஒரு பாட்டில் வையுங்கள், எல்லாப் பாட்டிலும் வந்தால் அலுத்துவிடும். தேய்க்கும் பக்கத்துக்கு ஒரு மைக், அடிக்கும் பக்கத்துக்கு ஒரு மைக். பெரிய சிக்கல் வேகம். உருமி மேளத்துக்கு ஏறிக்கொண்டே போவதுதான் பழக்கம், மெஷினுக்கு ஏறவே தெரியாது. மாமா மகன் காதில் இயர்போனைச் செருகி, மெஷினைக் கேட்டுக்கொண்டே ஒரு வாரம் பழகட்டும். அவருடைய குழுத் தலைவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சாமிக்கு வாசிக்கும் உருமியை மேடைக்கு எடுத்துப் போவதைச் சிலர் விரும்புவதில்லை. கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்தால் என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள்!

பெயர் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபியர் ஃபாக்டரி என்ற மெட்டல் குழுவைப் பாருங்கள். 2002இல் கிதார்காரர் டீனோ கசாரெஸ் விலகினார். 2009இல் அவரும் பாடகர் பர்ட்டன் பெல்லும் பழைய கூட்டாளிகள் இருவரை விட்டுவிட்டு அதே பெயரில் இறங்க, விவகாரம் வழக்கறிஞர்கள் வரை போனது. 2020இல் பெல்லும் விலகினார். டிமேனுஃபாக்சர் போன்ற இசைத்தட்டைத் தந்த குழுவுக்கு இந்த நிலை. உங்கள் நண்பர் கோபித்துக்கொண்டு போகவில்லை, வேலைக்குத்தான் போயிருக்கிறார். இந்த வாரமே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: பெயரை நாங்கள் தொடரலாமா, நீ திரும்பி வந்தால் என்ன ஏற்பாடு, பழைய பாட்டுகளில் வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது. அவர் எழுதும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அப்புறம், ஈப்போ சவுண்ட்காரருக்கு இப்போதே போன் போட்டு, டிரம் செட் கிடையாது, மெஷினுக்கு இரண்டு லைன், உருமிக்கு இரண்டு மைக் என்று சொல்லிவிடுங்கள். மனிதர் சந்தோஷப்படுவார், டிரம் செட்டுக்கு எட்டு மைக் மாட்டும் வேலை மிச்சம். பாட்டுகளின் மெஷின் பகுதியை ஒரு போனிலும் ஏற்றி, அந்தப் போனை ஏரோபிளேன் மோடில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் படுத்துவிட்டால் அது கைகொடுக்கும். பாட்டு நடுவில் அம்மா கூப்பிட்டாலும் ரிங்டோன் ஸ்பீக்கரில் வராது.