எட்டாம் வகுப்பில் பதினொரு பேர்

கேள்வி: வணக்கம் ஐயா. மதுரை மாவட்டம் சேடபட்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். அங்கே ஆறிலிருந்து எட்டு வரை சேர்த்தே 31 பிள்ளைகள்தான், எட்டாம் வகுப்பில் 11 பேர். "அங்க படிச்சா தேறாதும்மா" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது. பள்ளி நல்ல பள்ளியா என்று நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் எதை வைத்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று சுவரில் எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை, அதனால் எல்லாப் பள்ளியும் நூறுதான். முதல் பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பில், அதற்குள் பிள்ளை வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும், பேரும் அந்தப் பள்ளிக்குப் போய்விடும். ஆறு முதல் எட்டு வரை சொல்லிக்கொடுத்த வாத்தியார் பெயர் எந்தப் பேப்பரிலும் வராது பாவம்.

அடுத்தது சர்வே. பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்க மத்திய அரசு நடத்தும் தேசிய அடைவு ஆய்வு 2017, 2021 இரண்டு தடவையும் எட்டாம் வகுப்புக்கும் நடந்தது, 2024 டிசம்பரில் நடந்ததில் 3, 6, 9 என்று வகுப்பையே மாற்றிவிட்டார்கள். எதுவானாலும் சில பள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கணக்கு சொல்வதுதான் அது, உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இன்னொன்று, பதினொரு பேரில் ஒரு பிள்ளை என்றால் ஒன்பது சதவீதம். இரண்டு பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டுக்குப் போய்விட்டால் பள்ளியின் சராசரி படுத்துவிடும். இதில் வாத்தியார் என்ன செய்வார்?

சரி, அந்தப் பதினொரு பேர் யார் என்று பாருங்கள். பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை வேனில் ஏறிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சில பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலேயே தனியாருக்குப் போய்விட்டன. ஒரே வீட்டில் பையன் வேனிலும் பெண் ஊர்ப் பள்ளியிலும் போவதை நானே எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன் (கேட்டால் "அவ கெட்டிக்காரி, எங்கயும் படிச்சுக்குவா" என்பார்கள்!). மிச்சம் இருப்பது காலனிப் பிள்ளைகள், அப்பா அம்மா முறுக்குத் தொழிலுக்கு வெளிமாநிலம் போக அப்பத்தா வீட்டில் வளரும் பிள்ளைகள், இப்படி. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகளின் மார்க்கையும் சாயங்காலம் டியூஷன் போகிற பிள்ளைகளின் மார்க்கையும் பக்கத்தில் வைத்து இந்தப் பள்ளி மட்டம், அந்தப் பள்ளி உசத்தி என்றால் அது என்ன நியாயம்? பிள்ளைகள் குறைந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு, பணி நிரவல் என்று ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், ஆசிரியர் போனதைக் காட்டி இன்னும் நாலு பேர் டி.சி. வாங்குவார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது பட்டதாரி ஆசிரியர்களை. ஆறு முதல் எட்டுக்கு கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் இருக்க வேண்டும், 35 பிள்ளைக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது 2009 சட்டம். கணக்குக்கு ஆள் இல்லாமல் தமிழாசிரியரே பின்னம் நடத்துகிறாரா என்று உங்கள் மகளைக் கேட்டாலே தெரிந்துவிடும். அப்புறம், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு அதன் புத்தகத்திலேயே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு வகுத்தல் கணக்கு கொடுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். எத்தனை பேர் தேறினார்கள் என்பதைவிட எத்தனை பேரைத் தயார் செய்தார்கள் என்ற பதில்தான் பள்ளியைக் காட்டிக்கொடுக்கும்.

வேனில் ஏற்றும் முன் இதையும் யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் சரி, 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்புக்குத் தரும் மாதம் ஆயிரம் ரூபாயும் சரி, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் (புதுமைப் பெண்ணுக்கு அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியும் சேரும்) படித்திருக்கிறாளா என்று பார்த்துத்தான் தருகிறார்கள். ஆறு, ஏழு, எட்டை பணம் கட்டித் தனியாரில் படித்துவிட்டு ஒன்பதில் திரும்பி வந்து கேட்டால் கிடைக்காது.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் குடி வந்திருக்கிறோம். பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிதான் இருக்கிறது. நாங்கள் வேறு சாதி, சேர்ப்பார்களா?

பதில்: தாராளமாகச் சேர்ப்பார்கள். கள்ளர் உள்ளிட்ட சில சாதிகளையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்தில் வந்த பெயர் அது, அதை எதிர்த்தவர்கள் மேல் 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அந்தக் காலம். இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டத்திலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பாடத்திட்டம் மற்ற அரசுப் பள்ளிகளில் உள்ள அதேதான். நிர்வாகம் மட்டும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கீழ். சேர்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி: மேலூர் பக்கம். ஒரு வருஷமாக எங்கள் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இல்லை. யாரிடம் போவது?

பதில்: தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவரும் கேட்டு அலுத்திருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான், அவரிடம் சொல்லிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு மாதம் பாருங்கள், ஒன்றும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அதே நகலைக் கொண்டுபோங்கள். தனியாகப் போகாமல் நாலு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.