கடலுக்குள் ஒலி ஏன் வளைந்து போகிறது: கேள்வி பதில்

கடலுக்கடியில் ஒலி எங்கே போய்ச் சேரும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. கேள்விகளைக் கேட்டவர்களின் பெயர் இல்லாமல் கீழே தந்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், தண்ணீர் காற்றைவிட அடர்த்தியானது. அப்படியென்றால் அதில் ஒலி மெதுவாகத்தானே போக வேண்டும்? (பிளஸ் டூ மாணவி)

அடர்த்தியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் தண்ணீரை அமுக்குவது மகா கஷ்டம். காற்றடைத்த சிரிஞ்சின் வாயை விரலால் மூடி அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். தண்ணீர் நிரப்பி அழுத்தினால் அசையாது. அந்த விறைப்பு அடர்த்தியைத் தோற்கடித்துவிடுகிறது. அதனால் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், கடலில் சுமார் 1500 மீட்டர்.

1826-ல் ஜெனிவா ஏரியில் கொலாடோனும் ஸ்டர்மும் இதை அளந்தார்கள். ஒரு படகில் நீருக்கடியில் மணி அடிக்கும்போதே மேலே வெடிமருந்து பளிச்சிடும். 13 கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொரு படகில் நீளக் குழாயை நீருக்குள் விட்டுக் காதை வைத்துக் காத்திருந்தார்கள். கிடைத்த விடை 1435. இன்றைய கருவிகள் சொல்வதற்கும் அதற்கும் சில மீட்டர்தான் வித்தியாசம்.

வேகம் இடத்துக்கு இடம் மாறும் என்கிறார்கள். 1500-ல் பத்து இருபது மீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

எல்லாமே அந்தப் பத்து இருபதில்தான் இருக்கிறது.

வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வேகம் மூன்று மீட்டர் போலக் கூடும். நூறு மீட்டர் ஆழம் இறங்கினால், அழுத்தத்தால் மட்டும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். உப்பு கிலோவுக்கு ஒரு கிராம் கூடினால் ஒன்றேகால் மீட்டர் போல. மேலிருந்து இறங்கும்போது முதலில் நீர் மளமளவென்று குளிர்கிறது, வேகமும் சரிகிறது. ஓர் ஆழத்துக்குக் கீழே குளிர் அதிகம் மாறாது, அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும், வேகம் மறுபடி உயரும். ஆக நடுவில் எங்கோ வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது.

இப்போது மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு வேகமாகவும் மற்றது சோம்பலாகவும் நடந்தால் வண்டி சோம்பல் மாட்டின் பக்கம் திரும்பும். ஒலியும் அப்படித்தான், மெதுவான நீரின் பக்கம் திரும்பும். அந்த அடுக்கிலிருந்து லேசாக மேலே கிளம்பும் ஒலி கீழே வளைகிறது. கீழே போனது மேலே வளைகிறது. கடலின் தரையையும் தொடாமல், மேற்பரப்பிலும் மோதாமல் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு சோஃபார் பாதை என்று பெயர். 1944-ல் அமெரிக்காவில் யூயிங்கும் வோர்செலும் கண்டார்கள். அவர்களை அறியாமலே 1946-ல் சோவியத்தின் பிரெகோவ்ஸ்கிக் கண்டார். நடு அகலக்கோடுகளில் இது சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் இருக்கும், நம் பக்கத்துக் கடல்களில் இன்னும் கீழே.

1960-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலுக்குள் வெடி வைத்தார்கள். பூமியின் மறுபக்கத்தில், ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் உள்ள பெர்முடா தீவில் அது கேட்டது. ஒலிக்கு ஆன நேரம் மூன்றே முக்கால் மணிக்கும் கொஞ்சம் குறைவு. எனக்கு இன்றும் நம்ப முடியாத சோதனை இது.

இரண்டாம் உலகப் போரில் சாப்பாட்டுக்குப் பிறகு சோனார் வேலை செய்யாதாமே?

ஆமாம், போருக்கு முன்பே, 1930-களிலேயே இது தெரியவந்தது. மதியத்தில் அமெரிக்கச் சோனார்கள் (ஒலியை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவிகள்) மந்தமாகின. சாப்பிட்ட மயக்கத்தில் ஆள் தூங்குகிறான் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். தூங்கியது ஆள் அல்ல. வெயிலில் மேல்நீர் சூடாகி, ஒலி கீழ்நோக்கி வளைந்து, தூரத்து நீர்மூழ்கிக்கு எட்டாமலே போனது.

இதை மாடல் செய்வது எப்படி? அலைச் சமன்பாட்டை நேரடியாகக் கணினியிடம் கொடுத்துவிட முடியாதா அண்ணா? (இயற்பியல் முதுகலை மாணவர்)

கொடுக்கலாம், முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள் தம்பி. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 15 மீட்டர். ஓர் அலைக்குப் பத்துப் புள்ளி வைத்தால் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. 1000 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் ஆழம் கொண்ட ஒரே ஒரு செங்குத்து வெட்டுக்கே 170 கோடிப் புள்ளிகளுக்கு மேல். ஒலியின் அதிர்வெண் பத்து மடங்கானால் புள்ளிகள் நூறு மடங்கு.

அதனால் குறுக்குவழிகள். ஒலியை ஒளிக்கதிர் போலப் பாவித்துக் கோடு கோடாக வரைவது ஒன்று. வேகமாக முடியும், படம் பார்த்தாலே புரியும், உயர் அதிர்வெண்ணுக்கு நல்லது. பெல்ஹாப் என்ற நிரல் இந்த வகை. ஆழமில்லாத கடலுக்கு வேறு வழி. மேற்பரப்புக்கும் தரைக்கும் இடையே உள்ள நீரை வீணைத் தந்தி மாதிரி எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த வடிவங்களில் அதிரும் என்று கண்டுபிடித்துக் கூட்டுவது. பெக்கெரிஸ் என்ற அறிஞர் 1948-லேயே இதைப் போட்டுக் காட்டிவிட்டார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஒலி பெரும்பாலும் முன்னோக்கித்தான் போகிறது, திரும்பி வருவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை மறந்துவிட்டால், தொடங்கிய இடத்திலிருந்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து விடையை நகர்த்திக்கொண்டே போகலாம். ரேடியோ அலைகளுக்காக 1940-களில் வந்த இந்த யோசனையை 1970-களில் டாப்பர்ட் என்ற அறிஞர் கடலுக்குக் கொண்டுவந்தார். வழியில் வெப்பநிலை மாறினாலும், தரை ஏறி இறங்கினாலும் இது சமாளிக்கும். கடல்மலையில் மோதித் திரும்பி வரும் எதிரொலி வேண்டுமென்றால் மட்டும் இதைக் கேட்காதீர்கள்.

வங்காள விரிகுடாவுக்கு என்று தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொட்டும் நன்னீர் வடக்கே உப்புக் குறைந்த போர்வையாக மிதக்கிறது. குளிர்காலத்தில் இந்தப் போர்வை குளிர்ந்தாலும், உப்பு குறைவு என்பதால் மூழ்காமல் மேலேயே நிற்கும். கீழே வெதுவெதுப்பான நீர். வேகம் கீழே போகப் போகக் கூடுவதால் ஒலி மேலே வளைந்து, போர்வைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு ஓடுகிறது. போர்வை மெல்லியது என்பதால் தாழ்ந்த அதிர்வெண்கள் கீழே ஒழுகிவிடும். பொதுவாக உப்பைச் சின்ன விஷயமாக விடுவார்கள். இங்கே விட்டால் விடை தப்பும்.

எங்கள் போட்டில் மீன் பார்க்கும் எக்கோ கருவி இருக்கிறது. 200 கிலோஹெர்ட்ஸில் படம் தெளிவு, ஆனால் ஆழத்தில் ஒன்றும் தெரிவதில்லை. ஏன்?

கடலில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் உயர் ஒலியை விழுங்குகிறது. 50-க்கு மாற்றினால் ஆழம் கிடைக்கும், தெளிவு போகும். இன்னொன்று: உங்கள் வெதுவெதுப்பான மேல்கடலில் வேகம் 1540 போல. கருவி 1500 என்று வைத்துக் கணக்கிட்டால் 100 மீட்டரை 97 என்று காட்டும். வஞ்சிரம் மங்கலாகத் தெரிந்தால் கருவியைத் திட்டாதீர்கள் அண்ணாச்சி. அதற்குக் காற்றுப்பை கிடையாது. எதிரொலியில் பெரும்பங்கு தருவது அந்தக் காற்றுதான்.

திமிங்கிலத்தின் குரல் 180 டெசிபலுக்கு மேல், ஜெட் விமானத்தைவிடச் சத்தமா?

இல்லை. நீருக்கும் காற்றுக்கும் டெசிபல் அளவுகோல் வேறு. ஒப்பிட வேண்டுமானால் நீர் எண்ணிலிருந்து சுமார் 62 கழியுங்கள்.

மாடல் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

ஆழ்கடலில் வெப்பநிலை விவரம் நன்றாக இருந்தால் நிறைய. கரையோரத்தில் கொஞ்சம்தான். ஒருமுறை தரை மணல் என்று கொடுத்துக் கணக்கிட்டேன். அளந்தபோது ஒலி பாதி வழியிலேயே காணாமல் போயிருந்தது. இரண்டு வாரம் நிரலில் பிழை தேடினேன். கடைசியில் பார்த்தால் தரை சேறு. மணல் ஒலியைத் திருப்பி அனுப்பும், சேறு குடித்துவிடும்.

ஒலியை வைத்துக் கடல் சூடாவதை அளக்கலாமாமே?

சூடானால் ஒலி சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான் சூத்திரம். 1991-ல் கடலியல் அறிஞர் வால்டர் மங்க்கின் குழு தெற்கு இந்தியப் பெருங்கடலின் ஹேர்ட் தீவருகே 57 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பிப் பார்த்தது. அமெரிக்காவின் இரு கரையோரங்களிலும் கேட்டது. ஆனால் இப்படிப் பெரிய சத்தம் போட்டால் திமிங்கிலங்கள் என்ன ஆகும் என்று எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்புதான்.

2020-ல் வந்த ஆய்வு சத்தமே போடவில்லை. சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவருகே ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிலநடுக்கங்கள் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் ஒலி கடல்வழியே சுமார் 3000 கிலோமீட்டர் கடந்து, இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டியேகோ கார்சியா தீவுக்கு வருகிறது. முந்தைய நடுக்கத்தைவிடப் பிந்தையது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்த்தார்கள். பத்தாண்டுக்கு 0.044 டிகிரி வெப்பம் கூடியிருந்தது. நேரத்தில் போட்டால் அரை மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில் கால் விநாடி போல.