சாரதி பதில்கள்: புதுக் காரும் பழைய காலும்

கேள்வி: அடிலெய்டில் இருக்கும் என் அண்ணா, வலுக்கூடிய கார் ஓடுவதற்கு அங்கே தனி லைசன்ஸ் வந்துவிட்டது என்கிறார். இங்கேயும் இப்போது எலெக்ட்ரிக் கார்கள் வந்து இறங்குகின்றன. அவற்றை ஓடுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டுமா?
– வாசகர், கொக்குவில்

அண்ணா சொன்னது சரி. தென் அவுஸ்திரேலிய மாநிலத்தில் 2024 டிசெம்பர் 1 முதல் 'யூ' என்று ஒரு புது வகுப்பு நடைமுறையில் இருக்கிறது. 2019இல் அடிலெய்டில் ஒரு லம்போகினி நடைபாதையில் ஏறி 15 வயதுப் பிள்ளை ஒன்று இறந்துபோனது. பெற்றோர் விடாமல் குரல் கொடுத்தார்கள், பிறகு சட்டம் வந்தது. ஒரு தொன் நிறைக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் வலுவுள்ள வாகனம் என்றால், இணையத்தில் ஒரு பயிற்சியை முடித்து அந்த வகுப்பை லைசன்ஸில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சில்லு சுழன்று வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்புகளைக் காரணமில்லாமல் நிறுத்திவிட்டு ஓடுவதும் அங்கே குற்றம்.

அந்த 276ஐ நம்முடைய ஒழுங்கைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 800 சீசீ அல்டோ ஒன்று சுமார் 35 கிலோவாட், நிறை 700 கிலோ. தொன்னுக்கு 50. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் எழுபத்துச் சொச்சம். முழு வலு மோட்டருடன் வரும் பிவைடி அட்டோ 3 எலெக்ட்ரிக் காருக்கு 150 கிலோவாட், 1750 கிலோ. கணக்குப் பார்த்தால் 86. ஆக, அடிலெய்ட் சட்டத்தை அப்படியே கொண்டுவந்தால் எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணத்தில் ஒரு வாகனமும் அகப்படாது. 'தேவையில்லை' என்று ஒரு சொல்லில் பதில் எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பேன், போன வருடம் ஒரு சங்கதியைக் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால்.

ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், எனக்குப் பழக்கமானவர். பதினொரு வருடம் அல்டோ ஓடியவர், ஒரு கீறல் இல்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதித் தடை நீங்கியதும், பிள்ளைகள் அனுப்பிய காசைப் போட்டு ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்தார். "நீர் ஒருக்காப் பக்கத்தில இரும், ஒரு சுற்றுப் போய்வருவம்" என்று கூப்பிட்டார். அவர் வீட்டு முற்றம் ஒழுங்கையைவிடத் தாழ்வு. படலைக்கு வெளியே வாய்க்காலுக்கு மேல் சின்னதாய் ஒரு மதகு, அதில் ஏறித்தான் ஒழுங்கைக்கு வரவேண்டும். அல்டோவில் அந்த ஏற்றத்துக்குக் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும், எஞ்சின் முனகும், பிறகு ஏறும். அன்றைக்கும் அவர் அதே அளவுதான் மிதித்தார். கார் முனகவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் மதகைத் தாண்டி, ஒழுங்கையைக் கடந்து, எதிர்வீட்டுத் தகர வேலியில் போய் முட்டி நின்றது. நல்லகாலம், அந்நேரம் ஒழுங்கையில் ஒருவரும் வரவில்லை.

இறங்கி வேலியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "நான் வழமையா மிதிக்கிற அளவுதானே மிதிச்சனான்."

அது உண்மை. மனிதர் வேகம் ஓடவில்லை, குடிக்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. கார் புதிது, கால் பழையது. பெற்றோல் எஞ்சின் சுழன்று வேகமெடுத்த பிறகுதான் முழு இழுவையையும் தரும். மின் மோட்டர் நின்ற நிலையிலேயே தந்துவிடும். சத்தத்தைக் கேட்டுக் காலை அளக்கப் பழகியவருக்குச் சத்தமும் இல்லையென்றால் அளவுகோல் ஏது? நான் அவருடைய குதிக்காலைப் பார்த்தேன். அது நிலத்திலேயே இல்லை. முழுப் பாதத்தையும் தூக்கித் தூக்கி வைக்கிறார், அதுவும் றப்பர் செருப்போடு. அல்டோ பதினொரு வருடமாக அதை மன்னித்திருக்கிறது.

ஆகவே என் பதில்: வேண்டும். ஆனால் எந்தப் பயிற்சி என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ரேஸ்காரனைப் போல வழுக்கலில் வெட்டித் திருப்பக் கற்றுக்கொடுப்பது வேண்டாம். நோர்வேயில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கே புதுச் சாரதிகளுக்கு வழுக்கும் வீதியில் ஓடும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1980களில் ஆராய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்கள் வழுக்கு வீதியில் விபத்துக்குள்ளாவது கூடியிருந்தது. பயிற்சி கொடுத்தது கொஞ்சம் திறமை, நிறையத் துணிச்சல். நம்முடைய பெடியன்களுக்குத் துணிச்சலை யாரும் காசு கட்டிப் பழக்கத் தேவையில்லை, மாலையில் பண்ணைப் பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நான் கொடுப்பதாக இருந்தால் அரை நாள் போதும். செருப்பைக் கழற்று. குதிக்காலைப் பிறேக்குக்கு நேரே நிலத்தில் ஊன்று. பாதத்தை அங்கிருந்து வலப்பக்கம் சரித்துத்தான் அக்சிலேற்றரைத் தொடவேண்டும், தூக்கி வைக்கக்கூடாது. பயத்தில் கால் தானாக விழும் இடம் பிறேக்காக இருக்கட்டும். பிறேக் என்று நினைத்து அக்சிலேற்றரை மிதிப்பது உலகம் முழுக்க நடக்கிறது. ஜப்பானில் 2028 செப்ரெம்பரில் இருந்து புதிய ஓட்டோமற்றிக் கார்களில் அதைத் தடுக்கும் கருவியைக் கட்டாயமாக்குகிறார்கள். அந்தக் கார்கள் பழசாகி நம்மிடம் வந்து சேரும்வரை குதிக்காலை நம்பித்தான் இருக்கவேண்டும்.

அடுத்தது, வெறும் வெளி ஒன்றில் 50இல் ஓடவிட்டு, "இப்ப மிதி" என்று சொல்வேன். இருபது வருடம் கார் ஓடிய பலர் ஒருநாளாவது பிறேக்கை முழுதாக மிதித்திருக்கமாட்டார்கள். மிதித்தால் காலுக்குக் கீழே கடகடவென்று அதிரும். சில்லு இறுகாமல் இருக்க ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடிக்கிற சத்தம் அது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். மாடு குறுக்கே நிற்கும்போது அந்தச் சத்தத்தை முதல்தடவை கேட்கக்கூடாது. பிறகு, காலை எடுத்ததும் மோட்டரே காரை இழுத்து மெதுவாக்குவதைப் பழக்குவேன். அதில் ஊறிப்போனவர் மச்சானின் பழைய காரை எடுத்தால், கால் எடுத்தும் கார் நிற்காமல் போவதைக் கண்டு திகைப்பார்.

சட்டம் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு 100 சீசீயில் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு உட்பட்டது ஏ1, மேலே போனால் ஏ. கார் என்றால் ஒரே பீ வகுப்பு. 3500 கிலோவுக்கும் சாரதியோடு 9 இருக்கைக்கும் மேற்படாவிட்டால் சரி, உள்ளே எத்தனை குதிரை என்று கேட்பதில்லை. ஆனால் எலெக்ட்ரிக் கார் துறைமுகத்தில் இறங்கும்போது வரி போட மோட்டரின் கிலோவாட்டை எண்ணுகிறார்கள். வரிக்கு எண்ணியதை லைசன்ஸுக்கும் எண்ணினால் என்ன? என்னைக் கேட்டால் தொன்னுக்கு 80 கிலோவாட்டில் கோடு போடுவேன். ஏன் 80 என்றால், அதிபரின் கார் மேலே சொன்ன அட்டோ 3, அதற்கு 86.

'வேகம் ஓடுகிறவன் எந்தக் காரிலும் ஓடுவான்' என்பீர்கள். ஓடுவான். அது வேறு வருத்தம், அதற்கு மருந்து பொலிஸ். வடக்கில் 100இல் ஓட அதிவேகப் பாதை இல்லை. காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70, அவ்வளவுதான். 50க்கும் 70க்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு: மோதும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எங்கள் தலைமுறை நிதானமாக ஓடியது என்று பெருமையடிக்கவும் மாட்டேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரை மண்ணெண்ணெயில் ஓடினேன். சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்த பெற்றோலில் சில துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புதிதாக வந்தபோதே அது 40 குதிரைவலு அளவுதான், மண்ணெண்ணெயில் எத்தனை மிஞ்சியதோ. பின்னால் வரும் சைக்கிள்காரர் புகைக்குள் மறைந்துபோவார், கொஞ்சநேரத்தில் என்னை முந்திக்கொண்டு போவார். அது நிதானம் இல்லை, வழியில்லாமை.

கேள்வி: மகனுக்கு 19 வயது. பாரிஸில் இருக்கும் தம்பி 200 சீசீ பைக் வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவா?
– ஒரு தாய், உரும்பிராய்

வேண்டாம் என்றால் சிநேகிதனுடையதை வாங்கி ஓடுவான் அம்மா, அது இன்னும் மோசம். தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: பிரான்ஸில் அவருடைய மகனுக்கு நினைத்த பைக்கை வாங்கிக் கொடுத்துவிட முடியுமா? அங்கே 18 வயதுக்காரருக்கு 35 கிலோவாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு வருடம் அந்த லைசன்ஸோடு இருந்து, பிறகு 7 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். இங்கே விற்கிற 200 சீசீக்கள் அந்த 35க்குள் அடங்கும், உண்மைதான். ஆனால் பிரான்ஸ்காரர்கள் பிடித்திருப்பது ஏணி. ஒரு படியில் நின்று பழகிவிட்டு அடுத்த படி. நம்முடைய ஏ வகுப்பில் 101 சீசீயும் 1000 சீசீயும் ஒரே படி.

ஆகவே ஏணியை வீட்டிலேயே வையுங்கள். ஆறு மாதம் வீட்டு ஸ்கூட்டியில் ரியூசனுக்கும் சந்தைக்கும் போய்வரட்டும். பிறகு பைக். வாங்கும்போது ஏபிஎஸ் உள்ளதாகப் பாருங்கள், தம்பி இன்னும் கொஞ்சம் அனுப்பட்டும். நம் பிள்ளைகளுக்கு முன் பிறேக் என்றால் பயம், ஒழுங்கை மணலில் ஒருதடவை விழுந்திருப்பார்கள். அதனால் எப்போதும் பின் பிறேக்கையே மிதிப்பார்கள். தார் றோட்டில் அவசரத்துக்கு நிறுத்தும்போது பாரம் முழுக்க முன்சில்லுக்குப் போகும், வண்டியை நிறுத்துவதும் பெரும்பாலும் அதுதான். ஹாண்டிலை நேரே வைத்து, முன் பிறேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், பால் கறப்பதுபோல் இறுக்கிக்கொண்டே போகவேண்டும். மணலிலும் முடக்கிலும் வேண்டாம். இதை ஐம்பது தடவை செய்துகாட்டினால் சாவியைக் கொடுங்கள். ஹெல்மெற் வாரை நாடிக்குக் கீழே நீங்களே இழுத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழையலாம், கை நுழையக்கூடாது.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறேன். வாடகைக்கு ஒரு ஜீப் எடுத்து நானே ஓடலாமா?
– மானிப்பாயைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

ஓடலாம். வெளிநாட்டு லைசன்ஸ் உள்ளவர்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்க 2025இல் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நித்திரை இல்லாமல் வந்து இறங்கி, அங்கிருந்தே ஏ9 வழியாக இரவோடு இரவாக ஓடிவர வேண்டாம். சாரதியோடு வாருங்கள், இல்லாவிட்டால் யாழ் தேவியில் ஏறுங்கள். வீட்டில் ஒருநாள் படுத்தெழும்பிவிட்டு, அதிகாலையில் வெறும் ஒழுங்கையில் அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள். சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போடுவீர்கள், அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். வெறும் சந்தியில் திரும்பும்போது கார் தன்பாட்டில் வலப்பக்கம் போய் நிற்கும், அதுதான் ஆபத்து. பக்கத்தில் இருப்பவரை "இடம், இடம்" என்று சொல்லச் சொல்லுங்கள். மனைவி என்றால் கேட்காமலே சொல்லுவார்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் இப்போது என்ன வாகனம் ஓடுகிறீர்கள்?
– வாசகர், சாவகச்சேரி

சைக்கிள். காலையில் திருநெல்வேலிச் சந்தைக்கும், பின்னேரம் வாசிகசாலைக்கும். முன் பிறேக் கட்டை தேய்ந்து ஒரு மாதம் ஆகிறது. நாளைக்குத்தான் மாற்ற வேண்டும்.